நேற்றைப் போடுகிற வீடு

பல்காரர் வீட்டில் காலையில் எழுந்ததும் முதல் வேலை முகம் கழுவுவது அல்ல; நேற்றைப் போடுவது.

பல்காரர் என்றால் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல்செட் செய்து தருகிற கூடத்தில் அவருக்கு வேலை. நகக்கண்ணில் எப்போதும் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருக்கும். தெருவில் எதிரே வருகிறவரின் முகம் மறந்துவிடும், முன்பல் மறக்காது. கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் இருந்த உறவு, எதிர்வீட்டு நாய்க்கும் அவருக்கும் இருந்த உறவு மாதிரிதான். ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை.

அவருடைய வீட்டம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற ஒரு பெட்டி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அது ஓடினால் அவள் காய் நறுக்குவாள், வம்பு பேசுவாள், புருஷனைத் திட்டுவாள். அது நின்றால் மேஜையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க, மூச்சை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். வருடத்துக்கு ஒருமுறை, தன்னைச் செய்த நிறுவனத்திடம் இணையம் வழியாக அனுமதி வாங்கிக்கொள்ளும். அனுமதி முடிந்த மறுநாள் ஓடாது. அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சிக்கல், அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். பல்காரர் போன் செய்து பார்த்தார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் குரல் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுவனத்தில் எல்லோருக்கும் வேலை போய்விட்டது. அந்தக் குரலை மட்டும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அனுமதி ஒரு புதன்கிழமையோடு முடிந்தது. வியாழன் காலை பெட்டி நின்றது. 'அனுமதி முடிந்தது. நிறுவனத்தை அணுகவும்' என்று திரையில் எழுத்து வந்தது. பல்காரர் சிலிண்டருக்காக ஓடினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி உயிர் வந்த பெட்டி, 'தேதி சரிதானா?' என்று கேட்டது. கீழே மூன்று பொத்தான்கள்: நேற்று, இன்று, நாளை. கடல் கடந்து போகிறவர்களுக்குப் போகிற இடத்தில் தேதி முன்பின்னாக இருக்குமே என்று, யாரோ ஒரு புண்ணியவான் வைத்துவிட்டுப் போன வசதி. வீட்டம்மா மேஜையில் ஊன்றியிருந்த ஒரு கையை எடுத்து 'நேற்று' என்பதை அழுத்தினாள். பெட்டிக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது. புதன்கிழமைக்கு அனுமதி உண்டு. பெட்டி ஓடியது.

சிலிண்டரைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்த பல்காரரிடம், "நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? குழாய் வேணுமா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். பெட்டிக்கு நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, விடிகாலையில். காலையில் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் பெட்டி கேட்கும். நேற்று என்றால் புதனுக்குப் போய்விடும். ஆனால் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கேட்கும், ஒரு நாள்தான் பின்னால் போகும். ஒரு காலை மறந்துவிட்டால் பெட்டி புதனைத் தாண்டி இரண்டு நாள் போய்விடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது.

"ஏங்க, நேத்தைப் போட்டீங்களா?" அந்த வீட்டில் காலையில் விழும் முதல் பேச்சு அது.

"போட்டாச்சு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"நல்லதாப் போச்சு. எனக்கு இனிமே வயசே ஆகாது. உங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

அந்தப் புதன்கிழமை அப்படியொன்றும் கொண்டாடத் தகுந்த நாள் அல்ல. அன்று பல்காரர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோய், கூடம் வரைக்கும் ஈரம். சாயங்காலம் வரை திட்டு வாங்கினார். திரும்பத் திரும்ப வருவதற்கு இதைவிட நல்ல நாள் ஒன்றைப் பெட்டி தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். அவளிடம் சொன்னதில்லை.

இப்படியே விட்டிருந்தால் எந்த வம்பும் இல்லை. மருத்துவமனைப் பெஞ்சில்தான் வினை ஆரம்பித்தது.

அங்கே லாரி டிரைவரின் மனைவி பழக்கமானவள். அவள் கணவருக்கும் அதே நோய், அதே நிறுவனத்தின் பெட்டி. புதுப் பெட்டிக்கு மருத்துவமனையில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் ஆள் குறைவது பெட்டி கிடைப்பதால் அல்ல என்பது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"என்ன அக்கா, உங்க பெட்டி மட்டும் ஓடுதாமே?" என்று அவள் கேட்டாள். வீட்டம்மா விஷயத்தைச் சொன்னாள். டிரைவரின் மனைவி கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எங்களுது நின்னு பல நாளாச்சு அக்கா. இப்ப அது மேல துணி காயப் போடறோம்."

வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது பல்காரர் சொன்னார். "இதை எல்லாருக்கும் சொல்லியாகணும். இன்னும் எத்தனை பேர் வீட்டுல பெட்டி நிக்கப் போகுதோ. மருத்துவமனையில சொல்லலாம்னா, மிஷின் விஷயமெல்லாம் கணினி நெறி வாரியத்துலதான் கேக்கணுங்கறாங்க."

"அங்க போய்?"

"யோசனை சொல்றேன். வாசல்லயே போர்டு போட்டிருக்காங்க, பொதுமக்கள் யோசனைகள் வரவேற்கப்படும்னு."

"வரவேற்பாங்க. திருப்பி அனுப்புவாங்களான்னு போட்டிருக்கா?"

அவர் கேட்கவில்லை. மறுநாளே போனார்.

வாரியத்தின் கட்டடம் புதிது. தரைத்தளத்தில் பெரிய துணிப் பதாகை: 'ஹேக்கர்களே, வருக! உங்கள் திறமை நாட்டின் செல்வம்.' உள்ளே ஹேக்கத்தான் போட்டி. மேஜைகளைச் சுற்றிக் கூட்டம், பாட்டு, இலவச பிஸ்கட். முதல் மாடியிலும் ஒரு பதாகை: 'ஹேக்கர்களைப் பற்றித் தகவல் தருக! ரகசியம் காக்கப்படும்.' இரண்டும் ஒரே பச்சை, ஒரே எழுத்து. சேர்த்து அச்சடித்தால் தள்ளுபடி கொடுத்திருப்பார்கள்.

விசாரணை மேஜை இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது. அதில் இருந்தவருக்கு முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

"மேலயா, கீழயா?"

"யோசனை சொல்ல வந்தேங்க." பல்காரர் பெட்டியின் கதையைச் சொன்னார்.

"யோசனைக்குத் தனியாத் தளம் இல்ல சார். நீங்க பண்ணினது ஹேக்கிங்கா?"

"அப்படின்னா என்னங்க?"

மேஜையில் இருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான் சார் நாங்களும் பார்த்துக்கிட்டிருக்கோம்."

சொல்லாய்வு அதிகாரியிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாளின் அறையில் சுவர் தெரியாமல் அலமாரிகள். எல்லாம் அந்த ஒரே சொல்லைப் பற்றியவை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஆதியில ஹேக்கர்னா கெட்டிக்காரன்னுதான் அர்த்தம். ஒரு பொருளைச் செஞ்சவனே நினைச்சுப் பார்க்காத விதத்துல அதை வேலை வாங்கறவன். சந்தோஷத்துக்காகச் செய்யறவன். அப்புறம் பத்திரிகைக்காரங்க திருடனுக்கு அந்தப் பேரை வெச்சுட்டாங்க. கெட்டிக்காரங்களுக்குக் கோவம் வந்து, திருடனுக்குத் தனியா கிராக்கர்னு பேரு வெச்சாங்க."

"சரியாப் போச்சுங்களே."

"எங்க சரியாப் போச்சு? திருடங்க அந்தப் பேரை ஏத்துக்கல."

"வாரியம் என்னங்க சொல்லுது?"

"வாரியம் ரெண்டு அர்த்தத்தையும் ஏத்துக்கிட்டிருக்கு. கீழ்த்தளத்துக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. படிக்கட்டுல எது செல்லும்னுதான் இன்னும் முடிவாகல." பேனாவை எடுத்தார். "உங்க தொப்பி என்ன நிறம்?"

"தொப்பியா?"

"வெள்ளைத் தொப்பின்னா அனுமதியோட உள்ள போறவங்க. கறுப்புன்னா அனுமதி இல்லாம. சாம்பல்னா போயிட்டு வந்து அனுமதி கேக்கறவங்க."

"நான் தொப்பி போடறதில்லீங்க." தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

அதிகாரி குறித்துக்கொண்டார்: தொப்பியை மறைக்கிறார்.

"யார்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு நேத்தைப் போட்டீங்க?"

"கம்பெனியே இல்லீங்களே."

"அது இன்னும் மோசம். இருக்கறவங்கன்னா பின்னால மன்னிக்கவாவது செய்வாங்க. இல்லாதவங்ககிட்ட நீங்க எப்படி மன்னிப்பு வாங்குவீங்க?"

பல்காரர் மறுபடி வழுக்கையைத் தடவினார். அதையும் அதிகாரி குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வாரியத்தின் சான்றுப் பொருள் அறையின் பொறுப்பாளர். முத்திரைக்காரர் என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். ஆறடி ஆள், மேல்வரிசையில் நடுவே ஒரு சந்து, சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடும் முகம். அன்று அவர் சிரிக்கவில்லை.

"பெட்டியைச் சான்றுப் பொருளா எடுத்துக்கிட்டு வரச் சொல்லி உத்தரவும்மா."

கட்டிலில் இருந்த வீட்டம்மா மூவரையும் பார்த்தாள். "குழாயோட இந்த முனை என் மூக்குலதானே இருக்கு? என்னையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போங்க. இடத்தை அடைக்க மாட்டேன்."

முத்திரைக்காரர் உண்மையாகவே உத்தரவை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். "பெட்டின்னு மட்டும்தான் போட்டிருக்கும்மா."

பல்காரர் குறுக்கே நின்றார், கெஞ்சினார், கடைசியில் கத்தினார். அவர் கத்தி அவள் பார்த்ததே இல்லை. அவளே குழாயைக் கழற்றி, சுருட்டி, பெட்டியின் மேல் வைத்தாள்.

"தம்பி, காலையில எழுந்ததும் நேத்தைப் போடணும். ஒரு நாள் விட்டீங்கன்னா பெட்டி செத்த மாதிரிதான். எங்க வீட்டு ஆளை மறந்தாலும் இதை மறந்துடாதீங்க."

முத்திரைக்காரர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மறப்பதாவது? வாரியத்தின் விதி ஒன்று உண்டு: கைப்பற்றிய பொருள், கைப்பற்றும்போது இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். பெட்டியைக் கைப்பற்றும்போது அது ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் புதன்கிழமை. ஆகவே வழக்கு முடியும் வரை அது ஓட வேண்டும், புதன்கிழமையாகவே இருக்க வேண்டும். இதற்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். தினமும் காலையில் குழு கூடும். மூத்த உறுப்பினர் எழுந்து நின்று "நேற்று" என்பார். மற்றவர்கள் "நேற்று" என்று வழிமொழிவார்கள். முத்திரைக்காரர் பொத்தானை அழுத்துவார். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும் என்பதால், பல்காரரும் வேலைக்குப் போகும் முன் வந்து ஓரமாக நின்று பார்த்தார்.

பெட்டி ஒரு காலி நாற்காலியைப் பார்த்து ஆக்சிஜன் ஊதிக்கொண்டிருந்தது. சில நாளில் அந்த அறையில் உட்கார்ந்தால் தலை தெளிவாக இருக்கிறது என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். கூட்டங்களையெல்லாம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணயர்வார்.

ஒருநாள் பல்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார். "நீங்க தினமும் செய்யறதும் நான் செஞ்சதும் ஒண்ணுதானேங்க?"

மூத்த உறுப்பினர் பொறுமையாக விளக்கினார். "நீங்க செஞ்சப்ப அது செயல். நாங்க செய்யறப்ப அது நடைமுறை."

வீட்டில் மருத்துவமனை இரவல் கொடுத்த சிலிண்டர் இருந்தது. மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது வரும் வரை வீட்டம்மா மேஜையில் முழங்கை ஊன்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேஜை விளிம்பு பட்டு முழங்கைத் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. பல்காரர் வேலைக் கூடத்திலிருந்து மெழுகுத் தகடுகளைக் கொண்டு வந்து, அவள் கைக்கு அளவெடுத்து, மேஜை விளிம்பில் மெத்தென்று ஒட்டினார்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டி, கடைசியில மேஜைக்கும் ஈறு கட்டிட்டீங்க," என்றாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைச் சிரித்தாள்.

இன்னொரு நாள் அவளே கேட்டாள். "அங்க குத்தவாளியா இருந்தா சான்றுப் பொருளைப் பக்கத்துல போய்ப் பார்க்க உரிமை உண்டுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. எனக்குக் கொடுத்த தாள்ல இருக்கு. அரை மணி நேரம்."

"அப்ப குத்தவாளி நான்தானே? பொத்தானை அமுக்கினது யாரு?"

"சும்மா இரு. உன் பேரை இழுத்துவிட்டா தண்டனை உனக்கு."

"என்ன தண்டனை கொடுத்துடுவாங்க? மூச்சை நிறுத்திடுவாங்களா?" அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அரை மணி நேரம் அது பக்கத்துல உட்கார்ந்துட்டு வரேனே. ஆசையா இருக்கு."

கேட்டதெல்லாம் அவ்வளவுதான். பல்காரர் எழுதிக் கொடுத்தார்: குற்றவாளி நான் அல்ல, என் மனைவி.

வாரியம் பரபரப்பானது. பெட்டியைப் பார்க்க வந்த வீட்டம்மா படிக்கட்டுத் திருப்பம் வரை ஏறுவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. அதற்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறர் நினைக்காத விதத்தில் பொருளை வேலை வாங்கிய பெண்மணி என்பதால், கீழ்த்தளத்து ஹேக்கத்தான் குழு அவளுக்குப் பதக்கம் அறிவித்திருந்தது. அனுமதியில்லாமல் இயந்திரத்தை ஏமாற்றிய பெண்மணி என்பதால், மாடிக் குழு குற்றப்பத்திரிகை தயாரித்திருந்தது. இரண்டு குழுவும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து, திருப்பத்தில் அவளைச் சந்தித்தன. இரண்டையும் அங்கேயே கொடுத்துவிடலாம், அங்கேதான் எந்த அர்த்தமும் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லாய்வு அதிகாரி வழி சொன்னார்.

வாரியத்தின் தலைவர் வந்தார். அவர் வாயைத் திறந்ததும் பல்காரருக்குத் தெரிந்துவிட்டது; அது தன் கையால் செய்த மேல்வரிசைப் பல்செட். கடிக்கும்போது பல் நிற்கிற உயரம் சற்று அதிகம் என்று அப்போதே டாக்டரிடம் சொன்னார். தலைவர் இன்றே பல்செட் வேண்டும் என்று அவசரப்படுத்தியதாகக் கேள்வி.

"ஹேக்கர்கள்மேல எனக்குத் தனி மரியாதை உண்டு. நானே ஒரு ஹேக்கர்தான். சின்ன வயசுல எங்க அப்பாவோட கால்குலேட்டரைப் பிரிச்சுப் பார்த்தேன். இன்னைக்கு வரைக்கும் அதை மூட முடியல. அந்தத் தேடல்தான் என்னை இந்த நாற்காலிக்குக் கொண்டு வந்துச்சு." கைதட்டல். "சிலர் கேக்கறாங்க, ஒரு நோயாளி அம்மாவுக்காக அவசரமா முடிவு பண்ணக் கூடாதான்னு. அன்பர்களே, ஒரு மூச்சு வரும், போகும். ஒரு சொல் அப்படியில்லை. தப்பா வெளிய விட்டா காலத்துக்கும் நிக்கும்."

வாக்கியத்துக்கு வாக்கியம் செட் மெல்லச் சீட்டியடித்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். கையில் குற்றப்பத்திரிகையைக் கொடுத்தார்கள். "இதைக் கொஞ்சம் கழட்டுங்களேன்," என்றாள் வீட்டம்மா, பதக்கத்தைத் தொட்டு. "நெஞ்சு மேல கனக்குது."

பல்காரரும் முத்திரைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவளை மேலே கூட்டிப் போனார்கள். சான்றுப் பொருளைப் பார்க்கலாம், ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. காற்றும் சான்றின் ஒரு பகுதி, அதைக் குற்றவாளி சுவாசித்துவிட்டால் சான்று குறைந்துபோகும் என்று மூத்த உறுப்பினர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலி நாற்காலி அதன் முன்னால் இருந்தது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"நல்லா மூச்சு விடுது, பாருங்க," என்றாள்.

முத்திரைக்காரர் சாவியை எடுத்தார். கதவைத் திறந்து உள்ளே போய், தூசி தட்டுகிற மாதிரி எதையோ தட்டிவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். சாவிக் கொத்தை விரலில் சுற்றியபடி, மறுபக்கம் திரும்பிச் சுவரில் தொங்கிய விதிகளைப் படிக்க ஆரம்பித்தார். பல்காரர் அவளைக் கதவுச் சந்துக்கு நேராக நகர்த்தி உட்கார வைத்தார். கொஞ்சம் காற்றுதான் வந்தது. அரை மணி நேரத்தில் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது.

"நேத்தை யாரு போடறா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் முத்திரைக்காரர், சுவரைப் பார்த்தபடியே.

"பழகின கை மாதிரி இருக்கு. ஒழுங்காப் போடுங்க. திரும்பி வரணும் அது."

அடுத்த வாரத்தின் ஞாயிறு மத்தியானம், சிலிண்டர் மாற்றப் போன பல்காரர் திரும்பி வந்தபோது, மெழுகு ஒட்டிய மேஜை விளிம்பில் இரண்டு முழங்கைகளும் அப்படியே இருந்தன. தோள்கள் மட்டும் ஏறி இறங்கவில்லை. அவர் சிலிண்டரைத் திறந்து, குழாயை மூக்கில் பொருத்தி, பக்கத்தில் உட்கார்ந்தார். அது தீரும் வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாரியத்துக்குப் போகவில்லை. காலை நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் யாரும் வரவில்லை என்பதை அங்கே ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நேற்று" என்பதற்கு வழிமொழிய ஆள் போதுமானதாக இருந்தது.

தீர்ப்பு தபாலில் வந்தது. சுருக்கமானது:

'மேற்படி செயல் ஹேக்கிங் அல்ல. அதில் கெட்டிக்காரத்தனம் போதாது. கிராக்கிங் அல்ல, எதுவும் உடையவில்லை. இதைக் குறிக்க வாரியத்திடம் சொல் இல்லை. சொல் இல்லாத ஒரு செயல் நடந்ததாகக் கொள்ள இயலாது. நடக்காத செயலுக்காகப் பெட்டியைக் கைப்பற்றியிருக்கவும் இயலாது. ஆகவே கைப்பற்றப்படாத பெட்டி இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. அம்மையார் நலமோடு பயன்படுத்த வாழ்த்துகள்.'

அன்று சாயங்காலமே முத்திரைக்காரர் பெட்டியைத் தோளில் தாங்கி மாடியேறி வந்தார். வாசலிலேயே முகமெல்லாம் சிரிப்பு, பல் சந்து தெரிய.

"ஒரு நாள் விடல சார். லீவு நாள்ல கூடப் போய்ப் போட்டேன். இன்னைக்கும் போட்டாச்சு, நாளைக் காலை வரைக்கும் கவலையில்ல. அம்மாகிட்ட சொல்லுங்க." உள்ளே எட்டிப் பார்த்தார். "தூங்கறாங்களா?"

பல்காரர் வழி விட்டு நின்றார். முத்திரைக்காரர் கட்டிலைப் பார்த்தார். மெத்தையைச் சுருட்டி ஓரமாக நிறுத்தியிருந்தது. பெட்டியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட யாரும் சொல்லல சார்," என்றார்.

"அவங்களுக்கு அதுக்குச் சொல் கிடைச்சிருக்காது," என்றார் பல்காரர். "இறக்கி வைங்க தம்பி. கனக்கும்."

மறுநாள் காலையில் அவர் எழுந்ததும் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். 'தேதி சரிதானா?' என்று பெட்டி கேட்டது. பெட்டியைப் பொறுத்தவரை அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது. கட்டிலில் இருந்து ஒருத்தி திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் 'நேற்று' என்பதை அழுத்தினார். பெட்டி பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

"போட்டாச்சு," என்றார் சத்தமாக.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். என்ன கிழமை என்று யாரும் கேட்கவில்லை.

தினமும் இப்படியே போட்டுக்கொண்டு இருந்துவிடலாம்தான். தடுக்க ஆளில்லை; வாரியமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அவர் எழுந்து ஒரு வண்டி பிடித்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக விசாரித்து லாரி டிரைவர் வீட்டைக் கண்டுபிடித்தார்.

டிரைவர் சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தபடி இருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று இரவெல்லாம் அப்படித்தானாம். மூலையில் அவர்களுடைய பழைய பெட்டி நின்றது. மேலே ஈரத் துண்டு. டிரைவரின் மனைவி துண்டை அவசரமாக எடுத்து, கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள்.

"அக்கா எங்க அண்ணே?"

அவர் குழாயை டிரைவரின் மூக்கில் பொருத்தினார். பெட்டி ஓடியது. சிறிது நேரத்தில் டிரைவரின் தோள்கள் மெல்ல இறங்கின. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எங்கே என்று மறுபடி கேட்கவில்லை; கையில் இருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில எழுந்ததும் ஸ்விட்சை அணைச்சுப் போடும்மா. கேக்கும். நேத்தைப் போடு. ஒரு நாளும் மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டேன் அண்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாராவது வந்து கேட்டா என்னன்னு சொல்றது? இதுக்குப் பேரு என்ன?"

"பேரு வேண்டாம்மா. பேரு வெச்சா வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

டிரைவர் கண்ணை மூடி, முதல்முறையாகத் தலையைத் தலையணையில் சாய்த்தார். தூங்கப் போகிற குரலில் மனைவியிடம் கேட்டார்: "இன்னைக்கு என்ன கிழமை?"

அவள் பல்காரரைப் பார்த்தாள்.

"புதன்," என்றார் அவர்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தார். வெளியே வெள்ளிக்கிழமையாக இருந்தது.